மேல் பாதி, கீழ் பாதி

எங்கள் வயலை முதல்முறை பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏற்காட்டு மலையில், தலைச்சோலை ஊருக்குக் கீழே, காப்பிச் சரிவு முடிகிற பள்ளத்தில், ஓடையை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் நிலம் அது. ஒவ்வொரு படியையும் நடுவில் ஒரு வரப்பு கிழித்துக்கொண்டு போகும். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்களுடையது. அந்தப் பக்கம் என் கொழுந்தனாருடையது, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பியுடையது. மேல் படியிலும் அப்படித்தான், நடுப்படியிலும் அப்படித்தான், எப்போதும் ஈரம் நிற்கிற கடைசிப் படியிலும் அப்படித்தான். மாடு உள்ளே இறங்கினால் திரும்பி வெளியே வர இடம் இருக்காது. கொத்தித்தான் பயிர் வைக்க வேண்டும்.

மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் என்று பிரித்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது என்று என் மாமனாருக்குத் தெரியும். ஓடையின் ஊற்றுத் தண்ணீர் முதலில் விழுகிற மேல் படியில் பயிர் குறுகிப்போகும், அவ்வளவு குளிர் அந்தத் தண்ணீர். நடுப்படிதான் ராஜா. கடைசிப் படியில் மண் கொழுப்பு, ஆனால் மழை கூடினால் வேர் அழுகும். நல்லதும் கெட்டதும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகட்டும் என்று படிக்குப் படி குறுக்கே கிழித்துவிட்டார். எங்கள் பக்கம் பாகம் பிரிக்கிற முறையே அதுதான். நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது அதில் ஒரு குறையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை.

அந்த வரப்பு இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும்.

என் மகனும் கொழுந்தனார் மகனும் தலையெடுத்த பிறகு கொத்துவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. பையன்களுக்கு மண்வெட்டி பிடிக்க மனசில்லை. அதில் தப்பும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து கொத்தினால் ஒரு படிகூட முடியாது. பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் ஒருத்தர் மாடு இல்லாமல் உழுகிற பவர் டில்லர் வாங்கி வாடகைக்கு விட்டார். அதை எங்கள் வயலுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். முதல் படியிலேயே மூக்கு வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது. டில்லர்காரர் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இது வயலுங்களா, கோயில் படிக்கட்டுங்களா என்று கேட்டார். எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வண்டி திரும்பிப் போனபோது என் மகன் சிரிக்கவில்லை. இப்படியே போனால் அவன் சேலத்துக்குப் போய்விடுவான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது.

அப்போதுதான் ஜீப்பில் அந்த அம்மணி வந்தாள். பாசன நிலங்களைச் சீர்திருத்துகிற திட்டம், அதற்கான அதிகாரி. வயதில் என் மகளைப் போல இருப்பாள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னாள். துண்டு துண்டான படிகளை இயந்திரம் வைத்துச் சமப்படுத்தி அகலப் பாத்தியாக்கித் தருவார்கள். ஓடையிலிருந்து சிமெண்ட் வாய்க்கால் கட்டித் தருவார்கள். அடியில் தண்ணீர் தேங்காமல் வெளியே போக வடிகால் வெட்டித் தருவார்கள். குடும்பத்துக்கு ஒரே இடத்தில் நிலம். ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “மேடம், எங்களையே ஒண்ணாச் சேத்த முடியலீங்க. நெலத்தச் சேத்தீருவீங்களா?” என்றார். அந்த அம்மணியும் சேர்ந்து சிரித்தாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் நல்ல மரியாதையாகப் பதில் சொன்னார்கள். முதலில் ஒருத்தர் வயலில் செய்து காட்டட்டும், பார்த்துவிட்டு நாங்களும் வருகிறோம் என்றார்கள். அந்த அம்மணியும் சரி என்றாள். அது நியாயம்தான். விதையைக்கூட ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே வயல் முழுக்க விதைக்கிறோம். அண்ணன் தம்பி இரண்டே பேர், பேச்சுவார்த்தையில் குறைவில்லாத குடும்பம் என்று எல்லாரும் எங்களைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் மகனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அந்த டில்லர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொண்டோம்.

இனி வயலை இரண்டாகத்தான் பிரிக்க முடியும். மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. எங்களில் மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். வைக்கிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும். அதனால் கோணல் இல்லாமல் வைப்பான். என் வீட்டுக்காரர் காலையில் போய் வயலை மேலும் கீழும் நடந்தார். கீழே ஈரம் என்பதால் கீழ் பாதியைக் கொஞ்சம் அகலமாக வைத்துக் கல் நட்டார். எதை எடுத்தாலும் எடுக்கிறவனுக்கு மனக்குறை வரக்கூடாது என்று கல்லைப் பிடுங்கி மறுபடி மறுபடி மாற்றி நட்டதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொழுந்தனார் வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரி. அவள் எனக்கு ஓரகத்தி, தங்கை மாதிரிதான். அவர் கல்லுக்கு மேலும் கீழும் நடந்து பார்த்தார். அவள் மெதுவாக என்னவோ சொன்னாள். பிறகு அவர், “நா மேல எடுத்துக்கறனுங்கண்ணா” என்றார்.

“எடுத்துக்க சாமி” என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான் பேச்சு. வடிகால் வந்துவிட்டால் மேலும் கீழும் ஒன்றுதான் என்று அதிகாரி அம்மணி சொல்லியிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. வடிகால் வந்திருந்தால் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இயந்திரம் வந்து மலையையே ஆட்டிவிட்டது. மாமனார் காலத்துக் கல் கட்டுகள் சரிந்து விழுந்தன. கறுத்த மேல்மண் அடியில் போய்ச் செம்மண் மேலே வந்தது. அதை ஆட்டு எரு போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சொன்னார்கள். எருவும் போட்டோம். சிமெண்ட் வாய்க்கால் நேராக, அழகாக ஓடியது. அதன் மதகு, தண்ணீரைத் திறந்து அடைக்கிற இரும்புப் பலகை, மேல் பாதியின் தலையில் இருந்தது. வாய்க்கால் வேலை முடிந்ததும் வடிகாலுக்கு அளந்து முளை அடித்தார்கள்.

எங்கள் வயலின் கடைசியில் பாறை. தண்ணீர் வெளியே போக வேண்டுமானால் பக்கத்து எஸ்டேட்டின் காப்பிக்குள் ஒரு ஓரமாக வெட்டித்தான் போக வேண்டும். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் நல்ல மனுஷர். தன் கையில் ஒன்றும் இல்லை, முதலாளி வெளியூரில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இயந்திரம் மழையில் சறுக்கும் என்று கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தை பிறந்ததும் வரும் என்றார்கள். தை பிறப்பதற்குள் அந்த அம்மணிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகிறதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, வடிகாலை எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறேன், வருகிறவர் செய்துவிடுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தால் அவளும் அதை நம்பினாள் என்று தெரிந்தது. வந்தவர் வேறு பக்கத்துத் திட்டங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் மகனும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தப் பாறையில் இடித்தார்கள். கடப்பாரை முனை மழுங்கியதுதான் மிச்சம்.

முதல் வருஷம் இரண்டு வீடும் பீன்ஸ் போட்டோம். டில்லர் சும்மா பறந்தது. என் மகன் தானே ஓட்டினான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. மேலே கொழுந்தனார் செடிகள் கொடி ஏறி நின்றன. எங்கள் செடிகள் முழங்கால் உயரம் வந்ததும் வெளுத்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது. கீழே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. மேலே பாய்ச்சுகிற தண்ணீர் மண்ணுக்குள் ஊறி ஊறிக் கீழே வந்து போக வழியில்லாமல் நின்றது.

முன்பும் மேலே இருந்துதானே தண்ணீர் வந்தது, அப்போது ஏன் இப்படி ஆகவில்லை என்று நான் பல நாள் யோசித்தேன். காப்பி பறிக்கும்போதும் யோசிப்பேன், சோறு வடிக்கும்போதும் யோசிப்பேன். பிறகு ஒரு நாள் பிடிபட்டது. முன்பு கடைசிப் படியில் இரண்டு பேருக்கும் நிலம் இருந்தது. மேலே அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் விட்டால் கீழே அவரவர் செடியே அழுகும். அதனால் மடையைத் திறக்கிற கை தானாகவே அளவாகத் திறந்தது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. என் மாமனார் கோணலாகக் கிழித்த அந்த வரப்பு வெறும் பங்கு வரப்பு அல்ல. அண்ணனையும் தம்பியையும் ஒரே சேற்றில் நிற்க வைத்த வரப்பு. அதை நாங்களே இடித்துச் சமன் பண்ணிவிட்டோம்.

கொழுந்தனார் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அகலப் பாத்தியில் தண்ணீர் அந்தக் கோடி மூலைவரை போய்ச் சேர வேண்டுமானால் நிறையத்தான் விட வேண்டும். பாதியில் அடைத்தால் மூலைச் செடி காய்ந்துவிடும். அவருக்கும் பிள்ளை இருந்தான், பள்ளிக்கூடம் படிக்கிற பெண்ணும் இருந்தாள்.

ஒரு காலையில் எங்கள் வயலில் கணுக்கால் முங்க நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஏனுங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. கொஞ்சம் பாத்துத் தண்ணி விடட்டும்.”

“என்னன்னு சொல்றது? உன் செடிக்குத் தண்ணி உடாதடான்னு சொல்றதா?”

“அளவா உடச் சொல்லுங்க.”

“அவன் அளவாத்தான் உடறான். அவன் நெலத்துக்கு அதுதான் அளவு.”

பங்கு வைத்தவர் அவர். வைத்துவிட்டு, எனக்கு வந்தது ஆகவில்லை என்று எடுத்தவனிடம் போய் நிற்க அவரால் முடியாது. என்னாலும் முடியாது. நான் அவரைப் போகச் சொன்னேனே தவிர, அவர் போயிருந்தால் எனக்கும் தலை குனிந்திருக்கும்.

அடுத்த போகம் கோஸ் போட்டோம், அழுகியது. நெல் போடலாம் என்றால் அந்தச் செம்மண்ணில் நெல் மஞ்சளாகவே நின்றது. உயர மேடு கட்டி அதன்மேல் நட்டுப் பார்த்தோம். மழையில் மேடு கரைந்துபோனது. ஒவ்வொரு முறையும் விதைக்கிறபோது இவர் ஒன்றும் நடக்காதது போலத்தான் விதைப்பார். ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பீடியை இழுத்துக்கொண்டு எங்கள் கீழ் பாதியைப் பார்ப்பார்கள், திரும்பித் தங்கள் படிகளைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

புதிதாக வந்த அதிகாரி ஒரு கூட்டத்தில், மலைக்காரர்கள் எதையும் புதிதாகச் செய்யப் பயப்படுகிறார்கள் என்று பேசினாராம். எனக்கு வந்து சொன்னார்கள். பயமில்லை சாமி. எங்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் வயல் கோணலாக இருந்தாலும் விளைந்தது. எங்கள் வயல் பலகை போல நேராக இருந்தது. அதில் தவளை கத்தியது.

என் மகன் சேலத்துக்குப் போனான். அங்கே ஒரு பட்டறையில் வேலை. பஸ் ஏறும்போது, அப்பனத் திட்டாதீங்கம்மா என்றான். நான் எப்போது அவரைத் திட்டினேன்? ஆனால் அவன் அப்படிச் சொன்னது ஏன் என்று எனக்குப் புரிந்தது. அவன் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த வருஷம் இவர் கடைசியாக ஒரு முறை பீன்ஸ் விதைத்தார். முளைத்து இரண்டு இலை விட்டதும் வாடியது. அன்றைக்கு அவர் வயலில் இறங்கி எல்லாவற்றையும் தன் கையாலேயே பிடுங்கினார். வரிசை வரிசையாக, ஒன்றையும் விடாமல். ஓடையில் கை கால் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு, வா, தம்பி ஊட்டுக்குப் போயிட்டு வந்துரலாம் என்றார். கடைசியில் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கொழுந்தனார் வாசலில் பீன்ஸ் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஏற்காட்டுச் சந்தைக்குப் போகிற மூட்டை. எங்களைப் பார்த்ததும் சணல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஓரகத்தி காப்பி வைக்க உள்ளே போனாள். இவர் உட்காரவில்லை.

“தம்பி, கீழ இனி நா ஒண்ணும் போடலடா. தண்ணிய இனி நீ யோசன பண்ணாம விட்டுக்க. உன் மூலைச் செடிக்கெல்லாம் நல்லாப் பாயட்டும்.”

கொழுந்தனார், “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா அடச்சிருப்பனுங்களே அண்ணா” என்றார்.

“அடச்சிருப்ப. உன்ற செடி காஞ்சிருக்கும். ரெண்டு ஊடும் கெடறதுக்கு ஒரு ஊடு கெட்டாப் போதும் கண்ணு.”

கொழுந்தனார் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே டம்ளர் சத்தம் நின்றுபோயிற்று. ஓரகத்தி காப்பியோடு வெளியே வரவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம். வழியில் இவர் பேசிக்கொண்டே வந்தார். ஆரஞ்சு மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது என்றார், இந்த வருஷம் பனி அதிகம் என்றார். அவ்வளவு பேச்சு அவர் சாதாரணமாகப் பேசுகிறவர் இல்லை.

பிறகு நாங்கள் எஸ்டேட் வேலைக்குப் போனோம். சொந்த நிலம் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து யாரும் காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணுகிற வரிசையில், நின்றதில்லை. ஒத்தாசைக்கு ஒரு கை பறித்துக் கொடுத்திருப்போம், அது வேறு. இவர் நிழல்மரம் கவாத்து வெட்டப் போனார், நான் காப்பிப் பழம் பறிக்க. முதல் நாள் ரைட்டர் எங்களை வரிசையில் நிற்க வேண்டாம், ஓரமாக நில்லுங்கள் என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். இவர் கேட்கவில்லை. எல்லாரும் நிற்கிற இடத்தில் போய் நின்று, பேர் கூப்பிட்டதும், இருக்கறனுங்க என்றார். நானும் பக்கத்தில் நின்று அப்படியே சொன்னேன்.

அவர் போய் இப்போது இரண்டு மழை ஆகிவிட்டது. நெஞ்சில் சளி, பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் தங்கவில்லை. கொழுந்தனார்தான் பாடையின் முன்பக்கம் தூக்கினார். என் மகன் வந்து எல்லாம் முடித்துவிட்டு, என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. அங்கே போய் நான் என்ன செய்வேன்.

எஸ்டேட்டின் கடைசிக் காப்பி வரிசையில் பறிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம் தெரியும். கீழ் பாதி முழுக்கக் கோரை. ஆடு மாடுகூட அதற்குள் இறங்காது. மேலே கொழுந்தனார் பீன்ஸ். போன வருஷம்தான் ஒன்று கவனித்தேன். காலையில் மதகைத் திறக்கிறார், தண்ணீர் பாதிப் பாத்தி போவதற்குள் அடைத்துவிடுகிறார். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. கோடி மூலைச் செடிகள் பழுத்துச் சுருண்டன.

ஒரு நாள் ஓரகத்தியே வேலி ஓரம் வந்தாள். அண்ணன் போனதிலிருந்து இப்படித்தான் செய்கிறார், கீழே தேங்கும் என்கிறார், கீழே என்ன இருக்கிறது தேங்குவதற்கு என்று அழுதாள். “நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

அன்று சாயங்காலம் பறிப்பு முடிந்ததும் போனேன். அவர் மதகுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன்.

“தம்பி, கீழ கோரதானுங்க இருக்குது. அதுக்குத் தண்ணி நின்னா என்ன, நிக்காட்டி என்ன. நல்லாத் தொறந்து உடுங்க.”

“உடறனுங்க அண்ணி” என்றார்.

என் முன்னாலேயே எழுந்து மதகைத் திறந்தார். தண்ணீர் போனது. இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வீட்டுக்குக் கிளம்பி, மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்து பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி போய்ச் சொல்லவில்லை. இந்த வருஷம் அவர் மகனும் மலையை விட்டு இறங்கிவிட்டான், ஏதோ கம்பெனி வேலை. கொழுந்தனார் இப்போது மதகுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டில் மட்டும்தான் விதைக்கிறார், ஊற்றுத் தண்ணீரின் குளிரில் செடி குறுகிப்போகிற அந்த இடத்தில். மற்றதெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.